தூக்கிவிட ஒரு கை போதுமா?

தோழனே!

நாடகக் கொட்டகையின் முன்வரிசையில் அமர்ந்து நீ பார்த்திருப்பாய்; திரைக்குப் பின்னால் நின்று பார்த்திருக்க மாட்டாய். முன்னால் இருப்பவனுக்கு, வானம் பிளக்கிறது, புகை சூழ்கிறது, தேவன் இறங்குகிறான். பின்னால் நிற்கும் எனக்குத் தெரிவதோ உருளையும், அதில் ஓடும் வடக்கயிறும், அந்தக் கயிற்றைப் பிடித்தபடி வியர்வை வழிய நிற்கும் நான்கு தொழிலாளரும்தான். செலவைக் குறைக்கும் நினைப்பில் ஒருமுறை கேட்டேன்: "மூன்று பேர் போதாதா?" மூத்த தொழிலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஐயா, மேலே இருப்பவன் வேடத்தில்தான் தேவன். விழுந்தால் முறிவது மனித எலும்பு" என்றார். அன்று முதல் நான்காவது ஆளின் கூலியில் நான் கை வைத்ததில்லை.

அட்டைக் கிரீடம் அணிந்த போலித் தேவனை இறக்கவே நான்கு பேர் வேண்டும். வாழ்நாளெல்லாம் உழைத்து, வரி கட்டி, பிள்ளைகளை ஆளாக்கி, இன்று எழுந்து நிற்கவும் இயலாமல் கிடக்கும் உண்மை மனிதரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற எத்தனை பேர் வேண்டும்? உலகின் பெருஞ்செல்வ நாடு என்று பறைசாற்றப்படும் அமெரிக்கா இந்தக் கேள்விக்குத் தந்திருக்கும் விடை என்ன? அதைத்தான் இந்த ஞாயிறு உன்னிடம் பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'நர்சிங் ஹோம்' என்றால் நம் ஊரில் மருத்துவர் நடத்தும் சிறிய தனியார் மருத்துவமனை. பிரசவத்துக்குப் போவார்கள், குடல்வால் அறுவைக்குப் போவார்கள், ஒரு வாரத்தில் திரும்புவார்கள். அமெரிக்காவில் அந்தச் சொல்லின் பொருள் வேறு. தாமாக எழ, நடக்க, குளிக்க, உண்ண இயலாத முதியோரும் நோயுற்றோரும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வாழும் பராமரிப்பு இல்லம் அது. ஏறத்தாழ 15,000 இல்லங்கள். அவற்றில் பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். பத்தில் ஏழு இல்லங்கள் இலாபத்துக்காக நடத்தப்படுபவை. இந்தக் கடைசி எண்ணை நினைவில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

இனி ஒரு காட்சி. இது என் கற்பனை. நாடகக்காரனின் பழக்கம், பொறுத்துக்கொள்.

நள்ளிரவு கடந்த நேரம். நீண்ட கூடம். கட்டிலில் ஒரு மூதாட்டி. இடப்பக்கம் வாதத்தால் செயலிழந்தவர். அவருடைய பராமரிப்புக் குறிப்பேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது: 'தூக்கி மாற்ற இயந்திரமும் இரு பணியாளரும் தேவை.' அழைப்பு மணி அடிக்கிறது. பணிப்பெண் ஓடி வருகிறாள். ஒருத்திதான் வருகிறாள்.

"மகளே, இன்னொரு பெண் எங்கே?"

"அவள் அடுத்த கூடத்தில் இருக்கிறாள், அம்மா. அங்கும் ஆள் இல்லை."

"இயந்திரம்?"

"மின்கலம் தீர்ந்துவிட்டது. பயப்படாதீர்கள், என் கழுத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று..."

மூன்று என்று சொல்லி முடிப்பதற்குள் ஓர் ஓசை. காய்ந்த சுள்ளி முறிவது போன்ற ஓசை.

திரை விழுகிறது. நாடகத்தில் திரை விழுந்தால் நடிகை எழுந்துவிடுவாள். அந்த மூதாட்டி எழ மாட்டாள்.

தோழனே, மிகைப்படுத்துகிறேன் என்று எண்ணாதே. முதுமையின் எலும்பு சுண்ணாம்புச்சத்து இழந்த எலும்பு. உடலைத் திருப்பும்போது பாதம் தரையில் சிக்கிக்கொண்டால் தொடை எலும்பு முறுக்கிக்கொண்டு உடைகிறது. அக்குளில் கை கொடுத்து இழுத்தால் தோள்மூட்டு நழுவுகிறது. சக்கர நாற்காலியின் கால்தாங்கியில் முழங்காலுக்குக் கீழே உரசினால், காகிதம் போல் மெலிந்த தோல் கிழிந்து தொங்குகிறது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவரின் தலை தரையில் மோதினால், வெளியே காயமே தெரியாமல் உள்ளே குருதி கசிந்து உயிர் போகிறது. இடுப்பெலும்பு முறிந்த முதியோரில் ஐவரில் ஒருவரேனும் ஓராண்டுக்குள் இறக்கிறார் என்பது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்த உண்மை. இளைஞன் விழுந்தால் மாவுக்கட்டு. முதியவர் விழுந்தால் பல வேளைகளில் அது மரணத்துக்கு வைத்த முதற்படி.

"இயந்திரம் வந்துவிட்டால் தீர்ந்ததா?" என்று நீ கேட்கலாம். தீரவில்லை. ஹோயர் என்ற பெயரால் அழைக்கப்படும் அந்தத் தூக்கி, துணித் தொட்டிலில் மனிதரை ஏந்தி உயர்த்தும் நல்ல கருவி. ஆனால் அந்தத் தொட்டில் அவர் உடல் அளவுக்குப் பொருந்த வேண்டும். கிழிசல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். நான்கு கண்ணிகளும் கொக்கியில் சரியாக மாட்டியிருக்க வேண்டும். அடிக்கால்கள் அகலமாக விரிந்திருக்க வேண்டும். நாற்காலியின் சக்கரம் பூட்டியிருக்க வேண்டும். பெரும்பாலான தூக்கிகளை இயக்க இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் தேவை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகமே அறிவுறுத்துகிறது. தூக்கியிலிருந்து விழுந்தவர்களுக்குத் தலைக்காயமும் எலும்புமுறிவும் உயிரிழப்பும் நேர்ந்திருப்பதையும் அதுவே ஒப்புக்கொள்கிறது. ஒருவர் கைப்பிடியை இயக்க, மற்றவர் தொங்கும் உடலைத் தாங்கி வழிநடத்த வேண்டும். தனியொருத்தி இயக்கும் தூக்கி, என் கொட்டகையில் கயிற்றைத் தனியொருவன் பிடிப்பதற்கு நிகர்.

சரி, அந்தப் பணிப்பெண் யார்? அரக்கியா? அன்பற்றவளா? இல்லை! அவளும் அதே கட்டிலில் நசுங்குகிறவள்தான். பணிப்பெண்கள் என்று சொல்வதில் தவறில்லை; அந்த வேலையில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பாதிக்கு மேற்பட்டோர் வெள்ளையர் அல்லாதார். பிழைப்புத் தேடிப் பிற நாடுகளிலிருந்து வந்தவர்கள் பலர். சட்டம் அவளுக்குக் கேட்கும் பயிற்சி குறைந்தது 75 மணி நேரம். சில மாநிலங்கள் கூடுதலாகக் கேட்கின்றன. வாஷிங்டன் கேட்பது அவ்வளவுதான். ஒரு புதிய நாடகத்தை அரங்கேற்ற நாங்கள் ஒத்திகைக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் அதைவிட அதிகம்!

அவள் முதுகெலும்பின் கணக்கையும் கேள். கை வைத்து மனிதரைத் தூக்குவதில் பாதுகாப்பான எல்லை 35 இராத்தல், அதாவது ஏறத்தாழ 16 கிலோ என்று அந்நாட்டுத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அறிவியலாளர் 2007-ஆம் ஆண்டில் வரையறுத்தார். அதற்கு மேல் போனால் கருவி வேண்டும் என்றார். பதினாறு கிலோ! வளர்ந்த மனிதர் எவர் பதினாறு கிலோ இருக்கிறார்? அதற்கும் முன்பே, 1999-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, இருவர் சேர்ந்து கையால் தூக்கினாலும் முதுகெலும்பின் மீது விழும் சுமை ஆபத்தான அளவே என்று காட்டியது. மூட்டையென்றால் அசையாது. மனிதர் அஞ்சுவார், நடுங்குவார், பிடியை விடுவார், திடீரென்று சாய்வார். அந்தச் சாய்வில்தான் மேலே இருப்பவரின் இடுப்பும், கீழே நிற்பவளின் முதுகும் ஒருசேர முறிகின்றன.

ஆகவே, தூக்கப்படுபவரின் நலன் ஒன்று, தூக்குபவளின் நலன் வேறொன்று என்று பிரித்துப் பேசுபவன் இருவரையும் ஏமாற்றுகிறான். ஒரே கயிற்றின் இரு முனைகள் அவர்கள். கயிற்றை அறுப்பவன் வேறெங்கோ இருக்கிறான். அவனைத் தேடுவோம், வா!

இல்ல உரிமையாளர்களும் அவர்களுக்காக வாதாடுவோரும் நான்கு பதில்களை வைத்திருக்கிறார்கள்.

முதற்பதில்: "முதுமையில் விழுவது இயற்கை." அப்படியா? தானே நடந்து தடுக்கி விழுவது வேறு. பிறர் கையில் இருக்கும்போது விழுவது வேறு. ரீகன் காலத்தில், 1987-ஆம் ஆண்டில் பராமரிப்பு இல்லச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அதன் வழியில் அமைந்த விதி, இல்லத்தின் சூழல் இயன்ற அளவு விபத்து அபாயம் அற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. ஒவ்வொருவருக்கும் போதிய கண்காணிப்பும் துணைக்கருவியும் கிடைக்க வேண்டும் என்கிறது. எப்படி நேர்ந்தது என்று விளங்காத காயமாயினும், கொடுங்காயமானால் 2 மணி நேரத்துக்குள் மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. இயற்கை என்றால் அறிக்கை எதற்கு? இடி விழுந்ததற்கும் மழை பெய்ததற்கும் யாரும் விசாரணை வைப்பதில்லையே!

இரண்டாம் பதில்: "பணிப்பெண்ணின் கவனக்குறைவு." இது எல்லா நாட்டு முதலாளிக்கும் தெரிந்த பாட்டு. சுரங்கம் இடிந்தால் கூலியின் கவனக்குறைவு. கொதிகலன் வெடித்தால் தொழிலாளியின் கவனக்குறைவு. இருவர் செய்ய வேண்டிய வேலைக்கு ஒருத்தியை அனுப்பியவனின் கவனம் எங்கே போயிருந்தது? அவள் வேலையைவிட்டு நீக்கப்படுவாள், கோப்பு மூடப்படும், மறுநாள் இரவு அதே கூடத்தில் இன்னொருத்தி தனியாக நிற்பாள். 2017, 2018-ஆம் ஆண்டுக் கணக்குகளை ஆராய்ந்து 2021-இல் வெளியான ஆய்வொன்று, அந்த இல்லங்களின் செவிலியர், பணியாளர் மாற்றம் சராசரியாக ஆண்டுக்கு நூற்றுக்கு 128 என்று கண்டது. நூறு இடங்களுக்கு ஓராண்டில் நூற்றிருபத்தெட்டு முறை ஆள் மாறுகிறது! மூதாட்டிக்கு எந்தத் தோள் வலிக்கும், எந்தக் கால் ஊன்றாது என்று ஒருத்தி கற்றுக்கொள்வதற்குள் அவள் போய்விடுகிறாள். இதற்குப் பெயர் கவனக்குறைவா, ஆட்குறைவா?

மூன்றாம் பதில்: "கருவி வாங்கக் கட்டுப்படியாகாது." கணக்குப் பாடத்துக்கு அஞ்சிக் கல்லூரியை விட்டு ஓடிவந்தவன் நான். எனக்கே புரியும் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். 2004-ஆம் ஆண்டில் ஆறு இல்லங்களின் அனுபவத்தை ஆய்வாக வெளியிட்டார்கள். தூக்கிகள் வாங்கினார்கள், பயிற்சி தந்தார்கள், கையால் தூக்காதே என்று கொள்கை வகுத்தார்கள். செலவு 1,58,556 டாலர். பணியாளர் காய இழப்பீட்டு விகிதம் நூற்றுக்கு 61 குறைந்தது. இழப்பீட்டுச் செலவில் ஆண்டுக்கு 55,000 டாலர் மிச்சமாயிற்று. மூன்று ஆண்டு நிறைவதற்குள் போட்ட முதல் திரும்பிவிட்டது! தூக்கி நட்டம் தரும் பொருளல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இந்தக் கணக்கு பணியாளர் காயத்துக்கு மட்டும் போட்டது. மூதாட்டியின் உடையாத இடுப்பெலும்புக்கு யாரும் அதில் விலை போடவில்லை.

நான்காம் பதில்: "கூடுதல் ஆள் வைக்கப் பணம் இல்லை." இங்கேதான், தோழனே, திரைக்குப் பின்னால் போக வேண்டும். அந்த இல்லங்களில் வாழ்வோரில் பத்தில் ஆறு பேருக்குக் கட்டணம் செலுத்துவது 'மெடிக்கெய்ட்' என்னும் பொதுநிதி. மக்களின் வரிப்பணம்! அது எங்கே போகிறது? இல்லினாய் மாநிலத்தின் கணக்கேடுகளைத் துருவிய இரு பொருளியல் அறிஞர்கள் 2024-இல் வெளியிட்டதைக் கேள். உரிமையாளன் ஒரு கையால் இல்லத்தை நடத்துகிறான். மறு கையால் கட்டடத்துக்குச் சொந்தமான நிறுவனத்தையும் மேலாண்மைக் கட்டணம் வாங்கும் நிறுவனத்தையும் நடத்துகிறான். தனக்குத்தானே வாடகையை உயர்த்திக்கொள்கிறான். இல்லத்தின் கணக்கில் நட்டம். மற்ற நிறுவனத்தின் கணக்கில் கொழுத்த இலாபம். 2019-இல் இவ்வாறு மறைக்கப்பட்டது உண்மை இலாபத்தில் நூற்றுக்கு 63 என்பது அவர்கள் மதிப்பீடு. வலச்சட்டைப் பையிலிருந்து எடுத்து இடச்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "பார், வலப்பை வெறுமை!" என்று கண்ணீர் வடிக்கும் வித்தையை எங்கள் நாடகக் கோமாளி செய்தால் மக்கள் சிரிப்பார்கள். அங்கே அதைச் சட்டமன்றங்கள் நம்புகின்றன!

நிதிமுதலைகள் இல்லங்களை விலைக்கு வாங்கியபோது என்ன நடந்தது? 2021-இல் வந்த மற்றோர் ஆய்வு, தனியார் முதலீட்டு நிதியங்களின் கைக்குப் போன இல்லங்களில், குறுகிய காலம் தங்கிச் சிகிச்சை பெற வந்த முதியோரின் சாவு ஏறத்தாழ நூற்றுக்கு 10 கூடியது என்றது. ஆள் குறைந்தது, சாவு நிறைந்தது. கூட்டிக் கழித்துப் பார்க்க அறிஞர் தேவையில்லை.

இத்தனை தெரிந்தும் அரசு ஏன் வாளாவிருந்தது? வாளாவிருக்கவில்லை, எழுந்தது, எழுந்தபோதெல்லாம் வீழ்த்தப்பட்டது. அந்த வரலாறு இதோ.

கிளிண்டன் ஆட்சியின் இறுதியில், 2000-ஆம் ஆண்டு நவம்பரில், பளு தூக்குதல் முதலியவற்றால் தொழிலாளியின் உடல் சிதைவதைத் தடுக்க விதி ஒன்று பிறந்தது. முதலாளி சங்கங்கள் கொதித்தன. 2001-ஆம் ஆண்டு மார்ச்சில் நாடாளுமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது, புஷ் கையெழுத்திட்டார். பிறந்த நான்காம் மாதத்தில் கருமாதி! அதோடு விட்டார்களா? அவ்வாறு தள்ளுபடியான விதியைப் போன்ற இன்னொன்றைப் புதிய சட்டமின்றிக் கொண்டுவர முடியாதபடி வாசலையும் அடைத்தார்கள்.

அதே 2001-இல் அரசுக்கு அளிக்கப்பட்ட ஆய்வறிக்கை, இல்லத்தில் வாழும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 4.1 மணி நேரப் பணி தேவை என்றது. இருபத்து மூன்று ஆண்டு உறங்கிய பின், 2024-இல் பைடன் ஆட்சி ஒரு விதி செய்தது. 4.1 அல்ல; 3.48 மணி நேரம். அதில் பணிப்பெண்ணின் பங்கு 2.45 மணி. நாளின் ஏழில் ஒரு பங்கு அளவுக்காவது ஒரு மனிதரின் கை கிடைக்கட்டும் என்ற எளிய விதி. நூற்றுக்கு 79-க்கும் மேற்பட்ட இல்லங்கள் இதற்காக ஆள் கூட்ட வேண்டியிருக்கும் என்று அரசே கணக்கிட்டது. அப்படியென்றால் அதுவரை எத்தனை இல்லங்களில் ஆள் பற்றாக்குறை என்று எண்ணிப் பார்!

உரிமையாளர் சங்கத்தார் டெக்சாசில் வழக்குத் தொடுத்தனர். 2025 ஏப்ரலில் நீதிமன்றம் விதியின் முதன்மைப் பகுதிகளை அடித்தது. ஜூலையில் டிரம்ப் கையெழுத்திட்ட பெருஞ்சட்டம் விதியின் செயலாக்கத்தை 2034 வரை தள்ளி வைத்தது. டிசம்பரில் அரசே விதியைத் திரும்பப் பெற்றது. மூன்று முறை கொன்றார்கள், தோழனே; எங்கே உயிர்த்தெழுந்துவிடுமோ என்ற அச்சம்!

நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. சிற்றூர்களில் ஆள் கிடைக்காத இல்லங்கள் இருக்கின்றன. பொதுநிதி கொடுக்கும் கட்டணம் போதாத இடங்களும் இருக்கின்றன. மறுக்கவில்லை. அதற்கு மருந்து கூலியை உயர்த்துவதா, எண்ணிக்கையைக் குறைப்பதா? பயிரில் பூச்சி விழுந்தால் மருந்து தெளிப்பாயா, வயலையே தூர்ப்பாயா? முதுகை முறிக்கும் வேலைக்கு வயிறு நிறையாத கூலி கொடுத்துவிட்டு, "ஆள் வரவில்லை" என்று வியப்பது வியப்பினும் வியப்பு!

எல்லா இடமும் இருளல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் கையால் சுமை தூக்குவதற்கான விதிகள் 1992 முதல் இருக்கின்றன. மனிதரைத் தூக்கும் கருவியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும் என்ற 1998-ஆம் ஆண்டு விதியும் இருக்கிறது. அமெரிக்காவிலேயே டெக்சாஸ் மாநிலம், மருத்துவமனைகளும் பராமரிப்பு இல்லங்களும் பாதுகாப்பாகத் தூக்கும் கொள்கை வகுக்க வேண்டும் என்று 2005-இல் சட்டம் இயற்றியது. முடியும் என்பதற்கு இவை சான்று. முடியாது என்பவர்கள் உண்மையில் சொல்வது, மாட்டோம் என்பதே.

"கடல் கடந்த நாட்டின் கட்டிலைப் பற்றி நமக்கென்ன?" என்று ஒரு தோழர் கேட்டார். நமக்கு இரண்டு உண்டு. துன்பத்துக்கு எல்லைக்கோடு இல்லை என்பது ஒன்று. முதுமையை விற்பனைப் பொருளாக்கும் வணிகம் நம் நகரங்களிலும் கடை விரித்துக்கொண்டிருக்கிறது என்பது மற்றொன்று. விளம்பரப் பலகையில் பூங்கா இருக்கும், புன்னகை இருக்கும். நீ பூங்காவைப் பார்க்காதே. இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேர் பணியில் இருப்பார்கள் என்று கேள். தூக்கும் கருவி உண்டா, அது இயங்குகிறதா, அதை இயக்கக் கற்றவர் எத்தனை பேர் என்று கேள். உன் அன்னையைத் தூக்க இருவர் வேண்டுமென்றால் அதை எழுதி வாங்கு. எழுதியதைச் செய்கிறார்களா என்று சொல்லாமல் போய்ப் பார். காயம் கண்டால், "எப்போது? எவர் இருந்தார்? எத்தனை பேர்?" என்று கேள். பணிப்பெண்ணைத் திட்டாதே, அவளைத் தனியாக விட்டவனைத் தட்டிக் கேள். அவள் சங்கம் அமைத்தால் அந்த வாசலில் நம் கொடியும் நிற்கட்டும்.

பொதுமேடையில் நாம் வைக்க வேண்டிய கோரிக்கையும் இதுவே: ஆளின் எண்ணிக்கையைச் சட்டம் சொல்ல வேண்டும்; கருவியைச் சட்டம் கேட்க வேண்டும்; கணக்கைச் சட்டம் திறக்க வேண்டும். இம்மூன்றும் இல்லாத கருணைப் பேச்சு, கயிறில்லாமல் தேவனை இறக்கும் நாடகம்.

இன்றும் என் கொட்டகையில் உருளை சுழலும்போது நான் தேவனைப் பார்ப்பதில்லை. கயிற்றைப் பிடித்திருக்கும் கைகளை எண்ணுகிறேன். நான்கு இருந்தால்தான் திரையைத் தூக்கச் சொல்கிறேன். நீயும் எண்ணக் கற்றுக்கொள், தோழனே. எண்ணிக்கை குறைந்த இடத்தில், எலும்பு முறிவதற்கு முன்பே குரல் கொடு!